நாலு ஊர் அக்கா

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அடுத்ததாக நீங்கள் "எவடம்?" என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் சுகம் விசாரிப்பதற்கு முதல் ஊரை விசாரிப்போம். ஊரைச் சொன்னால் அதில் எந்தப் பக்கம் என்போம். பக்கத்தைச் சொன்னால் கோயிலுக்கு அங்காலையோ இஞ்சாலையோ என்போம். அந்தப் பதிலில் ஆளின் சாதி தெரிந்துவிடும். கதை தொடருமா, "சரி, பிறகு பாப்பம்" என்று முடியுமா என்பதும் தெரிந்துவிடும். எல்லாம் சிரித்த முகத்தோடும் மிக மரியாதையாகவும் நடக்கும். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அக்கா உடனே பதில் சொல்லுவார். ஆனால் ஒருவருக்குச் சொன்ன பதிலை அடுத்துக் கேட்டவருக்குச் சொன்னதை நான் கேட்டதில்லை.

பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோமே, அதற்கு அடுத்த வருடம் வேலை கிடைத்து நான் செட்டிகுளத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தேன். தங்குவதற்கு ஒரு வீட்டின் பின்பக்க அறை கிடைத்தது. தனி வாசல், சின்னக் குசினி, ஏற்கனவே அங்கே குடியிருந்த ஒரு பெண். அந்தப் பெண்தான் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். கேட்டால், "முப்பதுக்குப் பிறகு நான் கணக்கு வைக்கிறேல்லை" என்பார்.

முதலாவது சனிக்கிழமை பின்னேரம் நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மஞ்சள் சுடிதார் போட்டு, கண்ணுக்கு மை வைத்து, ஸ்கூட்டியின் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"எடி பிள்ளை, வெளிக்கிடு."

"எங்கை அக்கா?"

"விளையாட்டுக் கழகத்திலை லைற் வெளிச்சத்திலை கரப்பந்தாட்டம். சனம் வரும்."

"உங்களுக்குக் கரப்பந்து விளங்குமோ?"

"பந்தை ஆர் பாக்கிறது?" என்றார் அக்கா.

அன்றிலிருந்து எங்கள் சனி, ஞாயிறுகள் எல்லாம் சனம் கூடுகிற இடங்களில்தான் போயின. கோயில் திருவிழா, கழகத்தின் ஆண்டு விழா, இசை நிகழ்ச்சி, உணவுக் கண்காட்சி, பழைய மாணவர்களின் நடைபவனி, தேவாலயத்துக் கரோல் என்று எதையும் விட்டதில்லை. கொழும்பில் என்றால் இதற்கென்று இடங்கள் இருக்குமாம். எங்களுக்கு இருந்தது கண்டி வீதியோரம் ஒரு ஐஸ்கிறீம் கடை. அங்கே ஒரு ஆணோடு உட்கார்ந்தால், கரண்டியை வாயில் வைக்க முதல் வீட்டுக்குச் செய்தி போய்விடும். விழா என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. அங்கே யாரும் யாருக்குப் பக்கத்திலும் நிற்கலாம்.

கலியாணப் புரோக்கரில் அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. வட்ஸ்அப்பில் வருகிற சாதகங்களிலும் இல்லை. "படத்திலை எல்லாரும் வெள்ளை, எல்லாரும் உயரம்" என்பார். ஆளைப் பார்க்க வேண்டும், ஆள் எப்படிச் சிரிக்கிறார், எப்படி வரிசையில் நிற்கிறார், தெரியாத குழந்தை காலில் இடித்தால் என்ன முகம் காட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். இதற்காகப் பெண்கள் உட்காருகிற பக்கத்தில் அவர் உட்காரவே மாட்டார். கச்சான் கடைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, மடியில் கச்சான் பையை விரித்து வைப்பார். பக்கத்தில் வந்து நிற்கிறவரிடம் பையை நீட்டி, "தின்னுங்கோ, சூடா இருக்கு" என்பார். கடலைக் கோதுடைக்கிற நேரத்தில் கதை தொடங்கிவிடும். ஒருமுறை இரத்ததான முகாமுக்கும் என்னை இழுத்துப் போனார். "ரத்தம் குடுத்த ஆம்பிளை உடனை எழும்பி ஓட ஏலாது. ஆறுதலாக் கதைக்கலாம்" என்பது அவர் கணக்கு. அன்று இரத்தம் கொடுத்து மயங்கி விழுந்தது நான்தான். அக்கா எனக்குக் கொடுத்த நெக்டோச் சோடாவைக் குடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

கதைப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. யாரையும் பத்து நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவார். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். நான் அவரிலும் எட்டு வயது இளமை, பார்க்கவும் பரவாயில்லை என்றுதான் நினைத்திருந்தேன். என்னைத் திரும்பியும் பார்க்காமல் அவரோடு கதைத்துக்கொண்டு நிற்பார்கள். இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது அந்த ஆள் கேட்பார்: "நீங்கள் எவடம்?"

உணவுக் கண்காட்சியில் வங்கியில் வேலை செய்கிற ஒருவர் கேட்டார். பூர்வீகம் யாழ்ப்பாணம், நல்ல குடும்பம் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லியிருந்தார். அக்கா கொழுக்கட்டையைக் கடித்துக்கொண்டு, "அப்பா ஆக்கள் மலையகம். தேயிலைத் தோட்டத்திலை இருந்து வந்து இஞ்சை காடு வெட்டினவை" என்றார். வங்கிக்காரர் "ஆ, அப்பிடியோ" என்றார். உடனே அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அந்தத் தொலைபேசி மணி அடித்ததை நான் கேட்கவில்லை.

நான் நம்பிவிட்டேன். அக்கா இரவில் தட்டுகிற ரொட்டியும் அதற்கு இடிக்கிற சம்பலும் மலையகத்துக் கைப்பக்குவம்தான் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து நின்ற ஒருவர் கேட்டபோது அக்கா, "நாயாறு. கடற்கரையாக்கள்" என்றார். அவர் தடுமாறி, "அங்கை மீன் நல்லா இருக்கும் என்ன?" என்று கேட்டுவிட்டுச் சனத்துக்குள் மறைந்துபோனார். எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வரும் வழியில் அக்கா கணவாய் மீன் வாங்கி வந்து, கண் பிடிக்காத வேகத்தில் தோல் உரித்து மை எடுத்தார். இது கடற்கரைக் கை இல்லாமல் வேறென்ன? அடுத்த வெள்ளிக்கிழமை அறைக்குள் தேவாரம் பாடினார். அந்த இழுவை யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் பழகியது என்று ஆச்சி வயதுப் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். நான் துப்பறியும் வேலையை விட்டுவிட்டேன். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாரும் எல்லாரோடும் அடுப்பு மூட்டியவர்கள். யார் எதை எங்கே பழகினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா, நீங்கள் எவடம்?" என்று ஒருநாள் நேரே கேட்டேன்.

"உனக்கு எந்த இடத்து ஆள் வேணுமெண்டு சொல்லு. நான் அந்த இடம்" என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

என்னைப் போலவே குழம்பிப் போயிருந்தவர் எங்கள் வீட்டுக்கார ஆன்ரி. அவருடைய தகப்பன், இரணைமடுத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் காணி எடுத்தவர். ஆன்ரி பிறந்தது, படித்தது, கலியாணம் கட்டியது எல்லாம் கிளிநொச்சியில். ஆனால் எவடம் என்று கேட்டால், வருடத்தில் ஒருமுறை தேருக்குப் போகிற யாழ்ப்பாணத்து ஊரின் பெயரைத்தான் சொல்லுவார். ஆன்ரி யாழ்ப்பாணம் போயிருந்த ஒரு நாளில் அங்கிள் ஒன்றும் கேட்காமல் அக்காவுக்கு அறையைக் கொடுத்துவிட்டார். அந்தக் குற்றத்துக்கு அங்கிளுக்கு இன்றைக்கும் மன்னிப்பு இல்லை. எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை. நான் வந்த அன்றே ஊர், பக்கம், கோயில் என்கிற அந்த மூன்று கேள்விகளிலும் சித்தியடைந்திருந்தேன். அதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது, சொல்லத்தானே வேண்டும்.

மாஸ்டரின் விஷயத்தில்தான் எனக்கு அக்காவோடு கோபம் வந்தது. வவுனியாப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறவர். கரோலில் சந்தித்தோம். பிறகு மூன்று விழாக்களுக்கு எங்களைப் பார்ப்பதற்காகவே பஸ் ஏறி வந்தார். தன் தாத்தா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர் என்று தானாகவே சொன்னார். ஒளிக்கத் தெரியாத மனிதர். அவர் கூச்சத்தோடு "மிஸ் எவடம்?" என்று கேட்டபோது, இனி அக்கா மலையகம் என்று சொல்லுவார், எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "யாழ்ப்பாணம். நல்லூர்க் கோயில் வீதி" என்றார்.

மாஸ்டரின் முகம் சுருங்கிப்போனது. கையிலிருந்த கச்சானை மெதுவாகப் பைக்குள் திருப்பிப் போட்டார். "உங்கட ஆக்கள் எங்கள வாசலோட நிப்பாட்டுவாங்க மிஸ். எங்க அம்மாவ ஒருக்கா அப்பிடி ஒரு வாசல்ல நிக்க வச்சிட்டன். திரும்ப வேணாம்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிரவு அறையில் சண்டை பிடித்தேன். "அந்த மாஸ்டர் தங்கமான மனிசன். ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? வெண்ணெய் திரண்டு வரேக்கை தாழியை உடைக்கிறியள். உங்களுக்கென்ன விசரே?"

"தங்கம் எண்டால் நிண்டிருப்பார்."

"அவர் பயந்து போனவர் அக்கா. மற்றவை உங்களைக் குறைவாய் நினைச்சுப் போனவை. ரெண்டும் ஒண்டோ?"

அக்கா எழும்பிப் போய்க் கேத்தலை எடுத்தார். தேநீர் ஊற்றினார். ஊற்றிய தேநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"எனக்கு ஒரு ஆள் வேணுமடி" என்றார். "வேலையாலை வந்தால், இண்டைக்கு என்ன நடந்தது எண்டு கேக்கிறதுக்கு ஒரு ஆள். நீயும் நாளைக்குக் கலியாணம் கட்டிப் போயிடுவாய். நான் பொழுதுபோக்குக்கே உந்த வெய்யிலுக்கையும் புழுதிக்கையும் திரியிறன்?"

"அப்ப ஏன் எல்லாரையும் கலைக்கிறியள்?"

"நான் எங்கை கலைச்சனான்? ஒரு ஊரின்ர பேரைச் சொன்னன். அவை தாங்களாத்தானே போனவை."

அவர் சொன்னது சரியாகவும் இருந்தது, அநியாயமாகவும் இருந்தது. எது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெளிவில்லை. ஒருவேளை, எப்போதோ ஒரு காலத்தில் ஒருவருக்கு உண்மையான ஊரைச் சொல்லி, அவர் எழும்பிப் போயிருக்கலாம். அதற்குப் பிறகு ஆளை ஊரைக்கொண்டு அளக்கிற உலகத்தை இவர் ஊரைக்கொண்டே அளக்கத் தொடங்கியிருக்கலாம். இதெல்லாம் என் ஊகம். கேட்டிருந்தால் இதற்கும் நாலு பதில் சொல்லியிருப்பார்.

இப்படியிருக்கும்போதுதான் சவுண்ட்காரர் வந்தார். வந்தார் என்பதும் பிழை. அவர் எல்லா விழாவிலும் இருந்திருக்கிறார், நாங்கள்தான் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி, லைற், ஜெனரேற்றர் எல்லாவற்றையும் பட்டா என்கிற ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு திரிகிறவர். கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு வரை கோயில், கலியாணம், செத்தவீடு எதற்கும் அவருடைய பெட்டிகள்தான் பாடும், அழும். நாற்பது வயதிருக்கும். மற்றவர்கள் பேசுவதற்கு மைக்கைச் சரிசெய்து கொடுத்துக் கொடுத்து, தான் பேசுவதை மறந்துபோனவர் மாதிரி இருப்பார்.

ஒரு கழக விழாவில் அவர் எங்களிடம் வந்து, "உங்கட கதிரை வயருக்கு மேலை நிக்குது. கொஞ்சம் தள்ளுறியளோ?" என்றார். அக்கா தள்ளி உட்கார்ந்து கச்சான் பையை நீட்டினார். அவர் ஒன்றை உடைத்து வாயில் போட்டார். யோசித்து மென்றார்.

"இது எவடத்துக் கச்சான்?" என்று கேட்டார்.

அக்கா திகைத்துப்போனார். கச்சான் கடைக்காரப் பெண்தான், "முள்ளியவளை" என்று பதில் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் பெட்டிகளுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு மின்விசிறி எங்கள் பக்கமாகத் திரும்பியது.

அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பின்னால் அக்காவுக்கு ஒரு கதிரை இருக்கும். எனக்கும் ஒன்று, சற்றுத் தள்ளி. அக்கா கதைப்பார், அவர் கேட்பார். வேலையில் என்ன நடந்தது, சாப்பிட்டாச்சா, ஸ்கூட்டிக்கு ஏன் அந்தச் சத்தம் என்றெல்லாம் கேட்பார். ஸ்கூட்டியைத் திருத்தியும் கொடுத்தார். எவடம் என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. அக்காவுக்கு நித்திரை போய்விட்டது.

"ஏன்டி இவர் கேக்கேல்லை?"

"நல்லதுதானே அக்கா."

"என்ன நல்லது? கச்சானுக்குக் கேட்ட மனிசன் எனக்குக் கேக்கேல்லை. என்னைப் பற்றி அறிய விருப்பமில்லையோ? இல்லாட்டி ஆரிட்டையும் விசாரிச்சு வைச்சிருக்கிறாரோ?"

இவரோடு என்ன செய்வது? கேட்டவர்களைக் கேட்டதற்காக விட்டார். கேட்காதவரைக் கேட்கவில்லை என்று திட்டுகிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்த முறை அக்கா ஆளைச் சோதிக்கவில்லை, ஆளில் விழுந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இதுவும் போனால் அவர் இனிமேல் மஞ்சள் சுடிதாரை எடுக்கமாட்டார்.

அவர் கேட்காததால் அக்கா தானாகவே ஊர்களை எடுத்து வீசத் தொடங்கினார். ஒரு கிழமை, "எங்கட மலைப் பக்கத்திலை உந்தக் குளிருக்கு இஞ்சித் தேத்தண்ணிதான்" என்றார். சவுண்ட்காரர் "ஓமோ" என்றார். அடுத்த கிழமை, "நாங்கள் கடற்கரையாக்கள், எங்களுக்கு மீனில்லாமல் சோறு இறங்காது" என்றார். அதற்கும் "ஓமோ" என்றார். பிறகு நல்லூரும் வந்தது, இன்னொரு ஊரும் வந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வயர் சுற்றிக்கொண்டிருந்தார். ஓடவும் இல்லை, எது உண்மை என்று கேட்கவும் இல்லை. என்னைவிட அதிகமாகக் குழம்பிப்போய் அக்கா திரிந்ததை அந்த நாட்களில்தான் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து அழுதார்.

புதுக்குடியிருப்பில் ஒரு கோயில் திருவிழா. பின்னேரப் பூசை முடிந்து மேளக் கச்சேரி தொடங்குவதற்காகச் சனம் காத்திருந்த நேரம். பெட்டிகளுக்குப் பின்னால் அக்கா திடீரென்று எழும்பி நின்றார்.

"நீங்கள் ஏன் என்னை எவடம் எண்டு கேக்கேல்லை?"

சவுண்ட்காரர் குனிந்து ஒரு வயரைச் செருகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கேட்டால் நீங்களும் கேப்பியள்" என்றார்.

நான் பார்த்த இத்தனை சனிக்கிழமைகளில் அக்கா யாரையும் திருப்பிக் கேட்டதில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"நீங்கள் எண்டால் நாலு ஊர் சொல்லுவியள்" என்றார் அவர், இன்னும் வயரைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு ஒண்டுதான் இருக்கு."

அக்கா அவருக்குப் பக்கத்தில் நிலத்தில், புதுச் சுடிதாரோடு, அப்படியே குந்தினார். "சொல்ல வேண்டாம்" என்றார். பிறகு, "நான் என்ர ஒண்டைச் சொல்லுறன்" என்றார்.

நான் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனேன். வெட்கமில்லாமல்தான் போனேன், ஒரு வருடமாகக் காத்திருந்த பதில் அது. அந்த நேரம் பார்த்துத் தவிலும் நாதஸ்வரமும் தொடங்கின. சவுண்ட்காரரின் பெட்டிகள் அன்று மிகத் திறமாக வேலை செய்தன. அக்காவின் வாய் அசைந்தது. நெடுநேரம் அசைந்தது. பிறகு சவுண்ட்காரருடைய வாயும் கொஞ்சம் அசைந்தது. ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் பின்னால் இருந்து, "என்ன சொன்னனீங்கள்?" என்று கத்திக் கேட்டேன்.

"காத்துக்குக் கேக்கேல்லை, பிறகு சொல்லுறன்" என்றார். பிறகும் சொல்லவில்லை.

வைகாசியில் பதிவுத் திருமணம் என்று முடிவாகி, ஒரு ஞாயிறு காலை இருவரும் வீட்டுக்கார ஆன்ரிக்குச் சொல்ல வந்தார்கள். ஆன்ரி விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார். நானும் போய் இருந்தேன். ஆன்ரி முகம் முழுக்கச் சிரிப்போடு உள்ளே போய், அவர்கள் இருவருக்கும் இரண்டு சோடாப் போத்தல்களை மூடி உடைத்துக் கொண்டுவந்து வைத்தார். யாழ்ப்பாணத்து வீடுகளில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. சரியான ஆளுக்கு வீட்டுக் கோப்பையில் தேநீர். சரியில்லாத ஆளுக்கும், என்ன ஆள் என்று பிடிபடாதவருக்கும் கடையில் வாங்கிய போத்தல். போத்தலைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம், வீட்டுக் கோப்பையில் வாய் படாது. உபசாரமும் குறையாது. அக்கா அந்தப் போத்தலைப் பார்த்த பார்வையில் அவருக்கும் அந்தக் கணக்குத் தெரியும் என்று தெரிந்தது. சவுண்ட்காரர் போத்தலைத் தொடாமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்குத் தேத்தண்ணி, இஞ்சை வா" என்று ஆன்ரி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். நான் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"உனக்குத் தெரியாமல் இராது. ரெண்டும் எவடமாம்?"

பூப்போட்ட பீங்கான் கோப்பையில் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு உண்மையாகவே தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் வாயில் அது வந்தது என்றும் எனக்குத் தெரியாது.

"எங்கட இடம்தான் ஆன்ரி" என்றேன். "செட்டிகுளம். அக்காவும் அவரும் எங்கட சொந்தக்காரர்."

சொல்லி முடித்த பிறகுதான், போர் முடிந்த வருடம் வன்னிச் சனம் முழுவதையும் முகாம் கட்டிக் கம்பி வேலிக்குள் வைத்திருந்தது எங்கள் செட்டிகுளத்துக் காட்டில்தான் என்பது ஞாபகம் வந்தது. அவர்களும் அங்கே இருந்திருப்பார்கள். ஆகவே நான் சொன்னது எவ்வளவு பொய், எவ்வளவு உண்மை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஆன்ரியின் கை நின்றது. வாசல் வழியாக விறாந்தையில் இருந்த இருவரையும் பார்த்தார். பிறகு, ஒரு வருடமாகத் தன் வீட்டுக் கோப்பையில் தேநீர் குடித்த என்னைப் பார்த்தார், புதிதாய் வந்த ஆளைப் பார்ப்பதுபோல. பாதி ஊற்றிய தேநீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூன்றாவது சோடாவை எடுத்தார்.